மாங்கூழ் ஆலைத் தோலும் கொட்டையும் குப்பைமேட்டுக்குப் போகாமல் எங்கே போகலாம்? (கிருஷ்ணகிரி, சித்தூர் பக்கத்து ஆலைகளுக்கு)

#1 ஆலைக்கணக்கு

ஒரு மாதிரி ஆலையை வைத்துப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். நாளைக்கு 100 டன் பெங்களூரா (கிளிமூக்கு) காய் உள்ளே போகிறது, சீசன் 60 நாள். கூழ் 55 டன் வருகிறது என்று வையுங்கள். தோலும் பினிஷரில் (கூழைச் சலிக்கும் மெஷின்) நிற்கும் நாரும் சேர்ந்து சுமார் 25 டன், கொட்டை 15 டன், மீதி அழுகல், காம்பு, கழித்த காய். பழுத்த அளவையும் மெஷினையும் பொறுத்து இந்தக் கணக்கு முன்னே பின்னே போகும், ஆனால் பெரிதாக மாறாது.

அதாவது ஒரு சீசனுக்கு 1,500 டன் தோல், 900 டன் கொட்டை. இப்போது வழக்கத்தில் இருப்பது டிராக்டரில் ஏற்றிப் பழைய கல்குவாரிக் குழியிலோ, ஏரிக்கரையிலோ, ஊராட்சிக் குப்பைமேட்டிலோ தள்ளுவது. மூன்றாம் நாள் புளித்த வீச்சம், ஐந்தாம் நாள் ஈ, மழை பெய்தால் பழுப்புச் சாறு ஓடைக்கு.

உரம், பயோகேஸ், மாட்டுத் தீவனம், பாய்லர், பெக்டின் (ஜெல்லியை உறையவைக்கும் பொருள்) என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எண்ணோடு பேசுபவர்கள் வாங்க.

#2 உரக்குழி

உரத்தில் தொடங்குகிறேன், முதலீடு குறைவு என்பதால். ஆனால் "கொட்டி வைத்தால் தானே மக்கும்" என்று நினைத்தால் மக்காது, ஊறும். தோலில் 80 சதம் நீர், பி.எச். 4 அளவில், சர்க்கரை ஏராளம். குவித்த மறுநாளே அமுங்கி, காற்றுப் புகாமல், புளித்த கூழாகிவிடும். காற்று போக இடம் வேண்டும், தழைச்சத்தும் வேண்டும்.

ஈரத் தோல் 1,000 கிலோவுக்கு நான் சொல்லும் கலவை: நறுக்கிய வைக்கோல் அல்லது கரும்புச் சோகை 250 கிலோ, உலர்ந்த கோழி எரு 200 கிலோ. கணக்கு போட்டால் ஈரம் 61 சதம், கரி-தழைச்சத்து (கார்பன்-நைட்ரஜன்) விகிதம் 29 பக்கம் வரும். இரண்டுமே சரியான இடம்.

பலரும் செய்யும் தவறு, ஈரத்தை உறிஞ்சட்டும் என்று தென்னை நார்க்கழிவை மட்டும் போடுவது. ஈரம் சரியாகிவிடும். ஆனால் நார்க்கழிவின் கரி-தழைச்சத்து விகிதம் 100-க்கு மேல். குவியல் சூடே ஏறாமல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நார்க்கழிவுதான் கையில் இருக்கிறது என்றால் கோழி எருவைக் கூட்டுங்கள்.

குவியல் வரிசை அடியில் 2.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். அதற்கு மேல் உயர்த்தினால் தன் பாரத்திலேயே அடி அமுங்கிவிடும். மூன்றாம் நாள் உள்ளே 55 டிகிரி தாண்ட வேண்டும். 55-க்குக் குறையாமல் 15 நாள், அந்தப் 15 நாளில் 5 புரட்டல். அதன் பிறகு வாரம் ஒன்று போதும். 70 டிகிரி தொட்டால் உடனே புரட்டுங்கள். அமோனியா மூக்கில் ஏறினால் தழைச்சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம், வைக்கோல் சேர்க்க வேண்டும். புளிப்பைப் போக்கச் சுண்ணாம்பு தூவுவார்கள், அதுவும் கோழி எருவோடு சேர்ந்தால் அமோனியாவைத்தான் விரட்டும். தேவையே இல்லை, சூடு ஏறினால் பி.எச். தானாக உயரும்.

கொட்டையை இதில் போடாதீர்கள். இரண்டு வருஷம் ஆனாலும் ஓடு ஓடாகவே இருக்கும்.

#3 சாணவண்டி

உரக்குழி சொன்ன கலவை சரி. ஆனால் 25 டன் தோலுக்கு நாளைக்கு 6 டன் வைக்கோல், 5 டன் கோழி எரு. 60 நாளைக்குக் கூட்டிப் பாருங்கள். கோழி எரு நாமக்கல்லில் இருந்து வரும், வைக்கோல் மாட்டுக்காரனிடம் போட்டி போட்டு வாங்க வேண்டும்.

பயோகேஸ் கணக்கு இது. ஒரு டன் தோலில் உலர் பொருள் 200 கிலோ, அதில் எரிந்து போகும் கரிமப் பகுதி 180 கிலோ. ஒரு கிலோ கரிமப் பொருளுக்கு அரை கன மீட்டர் எரிவாயு என்று அடக்கமாக வையுங்கள். டன்னுக்கு 90 கன மீட்டர். ஆய்வகத்தில் இதைவிட அதிகம் வரும். ஆலையில் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

டைஜஸ்டருக்கு (கழிவைக் காற்றில்லாமல் புளிக்கவைத்துக் கேஸ் எடுக்கும் மூடிய தொட்டி) தாங்கும் தீனி, கன மீட்டருக்கு நாளைக்கு 2.5 கிலோ கரிமப் பொருள். பழத்தோல் சீக்கிரம் புளிப்பதால் அதற்கு மேல் போக வேண்டாம். அப்படியானால் 25 டன்னையும் அன்றன்றே போட 1,800 கன மீட்டர் டைஜஸ்டர் வேண்டும். அதே 1,500 டன்னை 300 நாளைக்குப் பிரித்துப் போட்டால் நாளைக்கு 5 டன்தான், 360 கன மீட்டர் போதும்.

வித்தியாசம் 5 மடங்கு. இந்தத் தொழிலில் சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. 60 நாள் வெள்ளம், 300 நாள் வறட்சி.

#4 ஆலைக்கணக்கு

300 நாள் வைத்திருக்க வேண்டுமென்றால் தோல் கெடாமல் இருக்க வேண்டுமே? குளிர்பதனம் எல்லாம் நடக்காது.

#5 தீவனத்தொட்டி

சைலேஜ் போடுங்கள், அதாவது குழியில் அமுக்கி, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்துச் சேமிப்பது. மக்காச்சோளத் தட்டைக்குச் செய்வதுதான். மாந்தோலில் சர்க்கரை இருப்பதால் லாக்டிக் புளிப்பு தானாகவே பிடித்துக்கொள்ளும், வெல்லப்பாகு சேர்க்க வேண்டியதில்லை. காற்று மட்டும் போகக் கூடாது.

மாட்டுக்கா டைஜஸ்டருக்கா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், இரண்டுக்கும் கலவை வேறு.

மாட்டுக்கு என்றால் உலர் பொருள் 30 சதத்துக்கு வர வேண்டும். டன் தோலுக்கு 170 கிலோ நறுக்கிய வைக்கோல், அடுக்கடுக்காக. 15 சென்டிமீட்டர் தோல், மேலே வைக்கோல், டிராக்டர் ஏற்றி மிதி. ஒரு குழியை மூன்று நாளுக்குள் மூடிவிட வேண்டும். மேலே கறுப்பு பாலித்தீன் தாள், அதன் மேல் பழைய டயர் அல்லது மண்மூட்டை. 30-லிருந்து 40 நாளில் திறக்கலாம். நல்லது என்றால் மோர் வாசம், மஞ்சள் பழுப்பு நிறம், பி.எச். 4-க்குக் கீழே. வெண்ணெய் கெட்ட நாற்றம் வந்தால் ஈரம் அதிகம். சாராய வாசம் தூக்கலாக வந்தால் ஈஸ்ட் ஏறியிருக்கிறது. மூடத் தாமதித்திருப்பீர்கள், இல்லை மிதித்தது போதாது. மேலே பச்சை, கறுப்புப் பூஞ்சை பிடித்த பகுதியை மாட்டுக்குக் காட்டவே கூடாது.

கறவை மாட்டுக்கு முதல் வாரம் 2 கிலோவில் தொடங்கி மெல்ல 8, 10 கிலோ வரை. இதில் புரதம் குறைவு, பிண்ணாக்கோ வேலிமசாலோ கூட இருந்தாக வேண்டும். பச்சைத் தோலை அப்படியே வண்டியில் கொண்டுபோய் மாட்டுக்கு முன்னால் கொட்டுவது ஊர்ப்பழக்கம். சர்க்கரை ஒரேயடியாக உள்ளே போனால் வயிறு புளித்து மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும். பட்டிக்கு ஒன்றிரண்டு மாடு இப்படி விழுந்த பிறகுதான் "ஆலைத் தோல் விஷம்" என்று பேச்சு கிளம்பும்.

காயைக் கழுவிய பிறகு வரும் தோல் மட்டும்தான் தீவனத்துக்கு. சோடா காரம் போட்டுத் தோல் உரிக்கும் ஆலையாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

#6 பாய்லர்மேஸ்திரி

சாணவண்டி அண்ணா, 300 நாளைக்குப் பிரித்துப் போடும் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கு. 5 டன்னுக்கு 450 கன மீட்டர் கேஸ். 55 சதம் மீத்தேன் என்றால் கன மீட்டருக்கு 4,700 கிலோ கலோரி. நாளைக்கு 21 லட்சம், அதாவது சுமார் 600 கிலோ விறகு. கேஸ் பாய்லரின் திறன் கூடுதல் என்பதால் நடைமுறையில் 750 கிலோ விறகுக்குக்கூட ஈடாகும். நல்லதுதான்.

ஆனால் அந்த நீராவி யாருக்கு வேண்டும்? ஆலை ஓடும் 60 நாளில்தான் பாய்லர் எரியும். மீதி 240 நாளும் கேஸை மேலே கொளுத்தி விடப்போகிறீர்களா?

#7 சாணவண்டி

சரியான கேள்வி மேஸ்திரி. இதனால்தான் நடுவழி. 600 கன மீட்டர் டைஜஸ்டர். சீசனில் முழுத் தீனி: நாளைக்கு 8.3 டன் தோல், 750 கன மீட்டர் கேஸ், ஏறக்குறைய ஒரு டன் விறகு மிச்சம். 60 நாளில் 500 டன் முடிந்தது. மீதி 1,000 டன் குழிக்குள். சீசன் முடிந்த பிறகு நாளைக்கு 4 டன் சொச்சம், 375 கன மீட்டர் கேஸ்.

அந்த 375-க்கு ஆள் தேட வேண்டும் என்பது உண்மை. இந்தப் பக்கத்து ஆலைகள் பல, மாம்பழம் முடிந்ததும் கொய்யா, பப்பாளி, தக்காளி ஓட்டுகின்றன. அப்படி ஓட்டினால் பாய்லருக்கே போகும், அந்தக் கழிவும் டைஜஸ்டருக்கே வரும். வெறும் மாம்பழ ஆலை என்றால் ஜென்செட் வைத்துக் குளிர்அறைக்கு மின்சாரம், கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட்டிலிருந்து 2 யூனிட் வரை. இரண்டும் இல்லை என்றால் டைஜஸ்டரே கட்ட வேண்டாம், சைலேஜை மாட்டுக்காரருக்கும் பெரிய பயோகேஸ் ஆலைக்கும் விற்றுவிடுங்கள்.

சி.பி.ஜி. (சுத்தப்படுத்தி அழுத்திய பயோகேஸ்) போடலாமா என்று கேட்பார்கள் என்று முன்னாலேயே சொல்கிறேன். 2018-ல் மத்திய அரசு சதத் (SATAT) திட்டம் அறிவித்ததிலிருந்து எல்லோருக்கும் அந்த ஆசை. 375 கன மீட்டரைச் சுத்தப்படுத்தினால் நாளைக்கு 140, 150 கிலோதான் தேறும். சுத்திகரிப்பு, அழுத்தும் மெஷின், சிலிண்டர் கேஸ்கேட் எல்லாம் அந்த அளவுக்குக் கட்டுப்படியாகாது. பத்து ஆலைகள் சேர்ந்து ஒரு பொது ஆலை என்றால் பேசலாம்.

#8 கொட்டைப்பருப்பு

எல்லோரும் தோலிலேயே வழுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். கொட்டை 900 டன் கிடக்கிறது.

தரம் பிரித்துப் பார்த்தால் மூன்று வழி.

முதல் வழி நாற்று. ஒட்டுமாங்கன்றுக்கு அடிச்செடி வேண்டும். போச்சம்பள்ளி அருகே சந்தூர் பக்கம் நர்சரிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். டீஸ்டோனரிலிருந்து (கூழையும் கொட்டையையும் பிரிக்கும் மெஷின்) வரும் கொட்டை சூடு படாதது, அதனால் முளைக்கும். ஆனால் நாலைந்து வாரத்துக்குள் விதைக்க வேண்டும், வெயிலில் காயவிட்டால் முளைப்பு போச்சு. அன்றன்றே கழுவி, நிழலில் பரப்பி, தண்ணீரில் போட்டு மூழ்குவதை மட்டும் கொடுங்கள். மிதப்பது வண்டு துளைத்ததாகவோ பருப்பு வற்றியதாகவோ இருக்கும். இந்த வழியில் அளவு குறைவுதான், காசு நிறைவு.

இரண்டாவது பருப்பு. பருப்பில் 7-லிருந்து 12 சதம் கொழுப்பு. கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகச் சாக்லேட்டில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டு விதியில் அனுமதித்த ஆறு கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. இதைக் கேட்டதும் எக்ஸ்பெல்லர் (எண்ணெய் பிழியும் மெஷின்) வாங்க ஓடாதீர்கள். எக்ஸ்பெல்லர் புண்ணாக்கில் 6, 7 சதம் எண்ணெய் எப்படியும் நின்றுவிடும். மொத்தமே 10 சதம் உள்ள பருப்பில் உங்கள் கைக்கு என்ன வரும்? இது கரைப்பான் ஆலைக்கான (எண்ணெயைப் பிழியாமல் கரைத்து எடுக்கும் ஆலை) சரக்கு. நீங்கள் உலர்ந்த பருப்பாக விற்பவர், அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு நிபந்தனை. டீஸ்டோனரை விட்டு வந்த 24 மணி நேரத்தில் காய ஆரம்பித்திருக்க வேண்டும். ஈரப் பருப்பு குவியலில் கிடந்தால் கொழுப்பு பிரிந்து அமிலம் ஏறும், பூஞ்சையும் பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைத் தீவனத்துக்கும் யாரும் தொடக் கூடாது, அஃப்ளடாக்சின் (பூஞ்சை நஞ்சு) பயம். சிமெண்ட் களத்தில் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் பரப்பாமல், நாளைக்கு நாலு தடவை கிளறி, ஒரு வாரம். உலுக்கினால் உள்ளே பருப்பு கடகட என்று ஆட வேண்டும். அப்போதுதான் உடைக்கும் மெஷினில் ஓடும் பருப்பும் தனித்தனியாக வரும்.

மூன்றாவது ஓடு. நேராகப் பாய்லருக்கு.

#9 பாய்லர்மேஸ்திரி

ஓடு எரியும், ஆனால் காய்ந்திருந்தால். 15 சதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் புகைதான் வரும். கூழ் ஒட்டியபடி காய்ந்த கொட்டையை எரித்தால் சர்க்கரை கருகி அடுப்புக் கம்பியில் பாறை மாதிரி ஒட்டும். பழக்கழிவுச் சாம்பலில் சாம்பல்சத்து அதிகம், அது சீக்கிரம் உருகும் சரக்கு. விறகோடு கலந்து கால்பங்குக்கு மேல் போகாமல் எரியுங்கள். ட்யூப் சுத்தம் செய்யும் இடைவெளியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். சாம்பலை வீசாதீர்கள், உரக்குழி அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

#10 உரக்குழி

கேட்டுத்தான் வாங்குவேன். ஆனால் அதை முற்றிய உரத்தில்தான் கலப்பேன், புதுக் குவியலில் இல்லை, சுண்ணாம்பு மாதிரி அதுவும் அமோனியாவை விரட்டும்.

#11 புதுவரவு_ஓசூர்

வணக்கம். மாந்தோலில் பெக்டின் இருக்கிறதே, அதை எடுத்தால் இதையெல்லாம் விட லாபம் இல்லையா? உலர்ந்த தோல் எடையில் 10 சதத்துக்கு மேல் பெக்டின் என்று படித்தேன்.

#12 வேதிக்குடுவை

இருக்கிறது தம்பி, பொய்யில்லை. ஆனால் பெக்டின் ஆலை கேட்பது உலர்ந்த தோலை. 1,000 கிலோ ஈரத் தோலை 10 சதம் ஈரத்துக்குக் கொண்டுவந்தால் கையில் 222 கிலோ. மீதி 778 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். லிட்டருக்கு 900 கிலோ கலோரி என்றால் 7 லட்சம். உலர்த்தியின் இழப்பையும் சேர்த்தால் டன் தோலுக்கு 300 கிலோ விறகு. 25 டன்னுக்கு ஏழரை டன் விறகு, தினமும்.

அதோடு தோலைக் கொதிநீரில் சில நிமிடம் காட்டி நொதியை நிறுத்தாவிட்டால், காய்வதற்குள் அதன் சொந்த நொதியே பெக்டினை வெட்டிவிடும். ஜெல்லி பிடிக்காத பெக்டினை யாரும் வாங்க மாட்டார்கள்.

பிழிந்துவிட்டுக் காயவைக்கலாமே என்று அடுத்துத் தோன்றும். ஸ்க்ரூ பிரஸ்ஸில் மாந்தோல் வழுக்கும், பெக்டின் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆரஞ்சுச் சாறு ஆலைகளில் தோலைத் தீவனமாக்கச் சிறிது சுண்ணாம்பு கலந்து, பெக்டினை இறுகவைத்து, பிறகு பிழிகிறார்கள். மாந்தோலிலும் அதே வேதியியல்தான் வேலை செய்யும். எடையில் 0.3 சதம் சுண்ணாம்பில் ஆரம்பித்து, 20 நிமிடம் ஊறவிட்டு, சிறிய அளவில் பிழிந்து பாருங்கள். ஆனால் சுண்ணாம்பு போட்ட தோல் பெக்டினுக்கு ஆகாது, தீவனத்துக்கு மட்டும். பிழிந்த சாறு டைஜஸ்டருக்கு அமிர்தம்.

பக்கத்தில் வாங்குபவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தோடு நின்றால் பெக்டின் பற்றிப் பேசலாம். இல்லையென்றால் அடுத்த சீசனுக்கு ஒத்திப்போடுங்கள்.

#13 ஆலைக்கணக்கு

நன்றி எல்லோருக்கும். 600 கன மீட்டர் வழி மனதுக்குப் படுகிறது. டைஜஸ்டர் புளித்து நின்றுபோவது பற்றி யாராவது விவரமாகச் சொல்லுங்கள். பழக்கழிவு டைஜஸ்டர் என்றாலே அந்தக் கதைதான் காதில் விழுகிறது.

#14 வேதிக்குடுவை

புளித்துப் போவதற்குக் காரணம் எப்போதும் ஒன்றே: சீசன் தொடங்கிய முதல் வாரமே முழுத் தீனி. அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர் மணிக்கணக்கில் பெருகும், மீத்தேன் நுண்ணுயிர் நாள்கணக்கில்தான் பெருகும். முன்னது தயாரிப்பதைப் பின்னது தின்று முடிக்காவிட்டால் அமிலம் தேங்கும்.

புது டைஜஸ்டர் என்றால் சீசனுக்கு இரண்டரை மாதம் முன், மார்ச்சிலேயே, சாணக் கரைசல் நிரப்புங்கள். கேஸ் பற்றவைத்தால் எரியும் நிலைக்கு வந்ததும் கன மீட்டருக்கு அரை கிலோ கரிமப் பொருள். வாரத்துக்கு 0.3 கிலோ மட்டும் கூட்டுங்கள். இரண்டரைக்கு வர ஏழு வாரம் ஆகிவிடும். சீசனில் தொடங்கினால் சீசனே முடிந்துவிடும், கவனியுங்கள். இரண்டாம் வருஷத்திலிருந்து சைலேஜ் தின்று பழகிய டைஜஸ்டர் தயாராக நிற்கும். சைலேஜின் பெரிய லாபமே இதுதான், கேஸ்கூட இல்லை.

பி.எச். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பி.எச். விழுவது கடைசி அறிகுறி. முதலில் கேஸில் கரியமில வாயு பங்கு ஏறும், சுடர் மங்கும். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு டைட்ரேஷன் போதும்:

வடிகட்டிய 20 மில்லி ஸ்லரி (டைஜஸ்டருக்குள் இருக்கும் கரைசல்). 0.1 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு பி.எச். 5.0 வரை எத்தனை மில்லி என்று குறியுங்கள், இது முதல் எண். அங்கிருந்து 4.4 வரை இன்னும் எத்தனை மில்லி, இது இரண்டாவது எண்.
காரத்தாங்கு (அமிலத்தைத் தாங்கும் திறன்) = முதல் எண் × 250.
அமிலம் = (இரண்டாவது எண் × 1.66 − 0.15) × 500.
அமிலத்தைக் காரத்தாங்கால் வகுங்கள்.

எடுத்துக்காட்டு: முதல் எண் 12, இரண்டாவது 1.2 என்றால் 921-ஐ 3,000-ஆல் வகுக்க 0.31. நிம்மதி. இரண்டாவது எண் 2 ஆகிவிட்டால் 1,585-ஐ 3,000-ஆல், 0.53. அன்றே தீனியை நிறுத்துங்கள். 0.3 வரை தூங்கலாம், 0.4-ல் தீனியைப் பாதியாக்குங்கள். வாரம் இரண்டு தடவை, தீனி கூட்டும் காலத்தில் தினமும்.

காப்பாற்ற: இரண்டு மூன்று நாள் பட்டினி, மெதுவாகக் கலக்கு, கன மீட்டருக்கு 1 கிலோ சோடியம் பைகார்பனேட். பழைய நல்ல ஸ்லரி கிடைத்தால் 10 சதம் மாற்றிவிடுங்கள். மலிவு என்று சுண்ணாம்பை மூட்டையோடு கொட்டாதீர்கள். அது கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாகப் படியும், மேலே டோமில் வெற்றிடம் உண்டாகி உறை உள்ளே மடங்கும். காற்றும் உள்ளே இழுபடும், அது வேறு ஆபத்து.

இன்னொன்று, தோலோடு 10-லிருந்து 15 சதம் சாணம் எப்போதும் போகட்டும். மாந்தோலில் தழைச்சத்தும் குறைவு, இரும்பு, நிக்கல், கோபால்ட் மாதிரித் துளிச்சத்தும் குறைவு. வெறும் தோலில் மூன்று நாலு மாதம் நன்றாக ஓடி, காரணமே தெரியாமல் படுத்துவிடுவது இதனால்தான்.

#15 சாணவண்டி

இதோடு மெஷின் பக்கம் இரண்டு விஷயம். கொட்டை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. ஓட்டு நார் கலக்கியின் தண்டில் கயிறு திரிப்பது மாதிரி சுற்றும், பிறகு டைஜஸ்டரைத் திறந்து அறுக்க வேண்டியதுதான். தோலையும் 10 மில்லிமீட்டர் அளவுக்கு அரைத்துப் போடுங்கள், இல்லையென்றால் மேலே மிதந்து பாயாக உறையும்.

கோழி எரு சேர்த்தால் கேஸில் ஹைட்ரஜன் சல்பைடு ஏறும். பாய்லருக்குப் பெரிய கவலையில்லை, ஜென்செட் என்றால் இரும்பு ஆக்சைடு வடிகட்டி கட்டாயம். அதே வாயுதான் சைலேஜ் சாற்றுத் தொட்டியிலும், ஸ்லரிக் குழியிலும் தேங்கும். "இரண்டு நிமிஷம் இறங்கி அடைப்பை எடுத்துட்டு வந்துடறேன்" என்பவனை இறங்க விடாதீர்கள். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் சேர்ந்தே போவான்.

#16 தீவனத்தொட்டி

சாறு என்றதும் நினைவு வந்தது. டைஜஸ்டருக்கான சைலேஜுக்கு வைக்கோல் வேண்டாம், வீண் செலவு. ஆனால் சாறு வடியும், டன்னுக்கு 200 லிட்டருக்கு மேலும் வரலாம். அதில் உள்ள கரிமச் சுமை வீட்டுச் சாக்கடையைவிட நூறு மடங்கு. ஒரு தடவை ஏரிக்குப் போனால் மீன் மிதக்கும். குழித் தரையை 2 சதம் சரிவு வைத்து, ஒரு மூலையில் தொட்டி, அங்கிருந்து பம்ப் நேராக டைஜஸ்டருக்கு. இந்தச் சாற்றுக்கு அரைக்கும் வேலைகூட இல்லை.

1,000 டன்னுக்கு 30 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரத்தில் இரண்டு குழி. வெறும் சிமெண்ட் பூச்சு வேண்டாம், பி.எச். 4 சாறு இரண்டே சீசனில் பூச்சைத் தின்று ஜல்லியைக் காட்டிவிடும். 1 மில்லிமீட்டர் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தாள் விரியுங்கள், அல்லது எபாக்சி பூச்சு. திறந்த முகத்தில் தினமும் அரை அடியாவது வெட்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் காற்றுப் பட்டுச் சூடாகும். இவ்வளவு செய்தாலும் உலர் பொருளில் 10-லிருந்து 15 சதம் இழப்பு இருக்கும், கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

#17 புதுவரவு_ஓசூர்

கருப்புப் படை ஈ புழு வளர்ப்பு (கழிவைத் தின்னவிட்டு, புழுவைக் கோழித் தீவனமாக்குவது)? நாமக்கல் கோழிப்பண்ணை பக்கத்திலேயே இருக்கிறதே.

#18 உரக்குழி

வெறும் பழத்தோலில் புழு மெலிந்து வரும், புரதம் போதாது. ஓட்டல் சோறு, தவிடு, டோஃபு சக்கை மாதிரி ஏதாவது மூன்றில் ஒரு பங்கு கலந்தால் தேறும். ஈரமும் 70 சதத்துக்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் தட்டில் கூழ் நின்று புழு விளிம்பேறி ஓடும், அறுவடையில் சலிக்கவும் முடியாது. நாளைக்கு ஒரு டன், இரண்டு டன் என்றால் செய்யலாம். 25 டன்னுக்கு வேண்டிய முட்டையை 60 நாளைக்கு மட்டும் யார் தயாரித்துத் தருவார்? மறுபடியும் காலண்டர்தான்.

#19 ஆலைக்கணக்கு

டைஜஸ்டரிலிருந்து வெளியே வரும் ஸ்லரி? 4 டன் தோலுக்கு அதே அளவு தண்ணீர் என்றால் நாளைக்கு 8 டன். எங்கே போகும்?

#20 சாணவண்டி

தண்ணீருக்குப் பதில் பழைய ஸ்லரியின் வடிநீரையே பாதி திருப்பி விடுங்கள், அளவு குறையும், காரத்தாங்கும் கிடைக்கும். முழுவதும் திருப்ப வேண்டாம், உப்பும் அமோனியாவும் ஏறிக்கொண்டே போகும். மீதி ஸ்லரி மாந்தோப்புக்குத்தான். அறுவடை முடிந்து கவாத்து செய்யும் ஜூலை, ஆகஸ்டில் மரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து விடலாம். பூ எடுக்கும் டிசம்பர், ஜனவரியில் விடாதீர்கள், தழைதான் கிளம்பும். அந்த மாதங்களில் வாழை, தீவனப்புல்லுக்கு. அதுவும் இல்லாத நாளுக்கு 60 நாள் கொள்ளும் மூடிய குட்டை வேண்டும். இதைத் திட்ட மதிப்பீட்டில் விட்டுவிடுகிறவர்கள்தான் கடைசியில் இரவில் வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள்.

அனுமதிப் பக்கம் சுருக்கமாக: நீங்கள் நாளைக்குத் தருவது 40,000 கிலோ கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணையில் தோல், கொட்டை, ஸ்லரி மூன்றையும் தனித்தனியாக, போகும் இடத்தோடு எழுதிக் கொடுங்கள். தோல் வாங்கும் மாட்டுக்காரருக்கும் எடைச்சீட்டு போடுங்கள்.

#21 பாய்லர்மேஸ்திரி

எல்லாம் சரி, முதல் வேலையை யாரும் சொல்லவில்லை. டீஸ்டோனரில் தோலும் கொட்டையும் கலந்துதான் விழும். அந்த இடத்திலேயே பிரிக்காவிட்டால் மேலே எழுதின எதுவும் நடக்காது. வாய்க்கு நேராக ஒரு உருளைச் சல்லடை, கம்பி இடைவெளி 35 மில்லிமீட்டர், நிமிஷத்துக்கு 10, 12 சுற்று, உள்ளே மெல்லிய தண்ணீர்த் தாரை. கொட்டை உள்ளேயே உருண்டு கடைசியில் விழும், தோல் கீழே போகும். கம்பியில் தோல் சுற்றும், அதனால் வெளிப்பக்கம் ஒரு நைலான் பிரஷ் வைத்துவிடுங்கள். காய் கழுவும் குளோரின் தண்ணீர் வாய்க்கால் இந்தத் தோல் கன்வேயரோடு சேரக் கூடாது, அந்தத் தண்ணீர் டைஜஸ்டருக்குப் போனால் வேதிக்குடுவையின் டைட்ரேஷன்கூடக் காப்பாற்றாது.

#22 ஆலைக்கணக்கு

35 மில்லிமீட்டரில் சின்னக் கொட்டை நழுவாதா மேஸ்திரி? கடைசி வாரத்துக் காய் சிறுத்துத்தான் வரும்.

#23 பாய்லர்மேஸ்திரி

குறுக்காக விழுந்தால் நிற்கும், நெட்டுக்குத்தலாக விழுந்தால் நழுவும். கம்பிகளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வையுங்கள். கடைசி இரண்டு வாரத்துக்கு 25-க்கு மாற்றிக்கொள்ளலாம். தோல் கொஞ்சம் கொட்டையோடு போகும், களத்தில் காயும்போது பொறுக்கிக்கொள்ளட்டும்.